ஹீட்டரில் குளிர்காற்று: கந்தப்பளையில் ஒரு காரைச் சூடாக்கிய அனுபவம்

2023 ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரத்தில், கண்டியில் அம்மாவுக்கு இருந்த கிளினிக்குக்காக அதிகாலை நான்கு மணிக்கு, நுவரெலியாவுக்கு அருகிலுள்ள கந்தப்பளையிலிருந்து காரில் புறப்பட்டோம். எங்கள் பக்கத்தில் அது துகள் உறைபனி விழும் காலம். விடியும்போது கோவாப் பாத்திகள் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். பள்ளத்தில் நிற்கும் தேயிலையின் கொழுந்து இரண்டொரு நாளில் கருகிப் பழுப்பாகிவிடும். முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டி எடுத்துவிட்டு உள்ளே ஏறிக் கதவுகளைச் சாத்திய சில நிமிடங்களுக்குள், நான், மனைவி, அம்மா ஆகிய மூவரின் மூச்சும் சேர்ந்து கண்ணாடியை உட்புறமாக மூடிவிட்டது. ஹீட்டர் திருகியைச் சிவப்புக் கோட்டின் கடைசி வரை திருப்பி, விசிறியை உச்சத்தில் வைத்தேன். காற்று பலமாகத்தான் வந்தது. வெளியில் நின்ற குளிர் அப்படியே குழாய் வழியாக உள்ளே வருவதுபோல் வந்தது.

“அத நிப்பாட்டிருப்பா, காலு வெறச்சுப் போச்சு” என்றார் அம்மா.

லபுக்கலையைத் தாண்டி இறங்கும் வளைவுகளில் மனைவி துவாயால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வர, கைக்குட்டை அகலத்துக்குத் தெளிந்திருந்த இடத்தின் வழியே வீதியைப் பார்த்து நான் ஓட்டினேன். இறம்பொடைக்கு மேலே ஒரு வளைவில் மரக்கறி ஏற்றிய லொறியொன்று எதிரே வந்தது. அதன் விளக்கு கண்ணாடியின் ஈரத்தில் பட்டுச் சிதறியபோது, வீதியின் ஓரம் எது, லொறியின் ஓரம் எது என்று இரண்டு வினாடிகளுக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஹீட்டரை ஒரு சொகுசுச் சாமானாக நினைத்திருந்த என் எண்ணம் அந்த இடத்தில் மாறியது. மலைப்பாதையில் அது பிரேக்குக்கு அடுத்த நிலையில் வைத்துப் பார்க்கவேண்டிய உறுப்பு.

காரின் பூர்வீகத்தைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது; என்னைப்போன்ற ஆசிரியர்களுக்குக் கைக்கெட்டியவை இருபது, இருபத்தைந்து ஆண்டு வயதானவைதாம். 2022 கடைசியில் நான் வாங்கியது 1998 ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்ட, 1500 சிசி பெற்றோல் கார். நீர்கொழும்புப் பக்கத்தில் இருந்தது. நண்பகல் வெயிலில் அதை ஓட்டிப் பார்த்தபோது ஏசி வேலை செய்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஹீட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. வேர்த்து வழியும் இடத்தில் யாருக்குத்தான் தோன்றும்? இப்போது யாராவது கரையோரத்துக்குப் போய்க் கார் வாங்கப்போவதாகச் சொன்னால், எவ்வளவு வெயிலாக இருந்தாலும் இருபது நிமிடம் ஓட்டிய பிறகு ஹீட்டரை முழுதாகத் திறந்து, காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். கையைச் சுடும் அளவுக்குக் காற்று வரவில்லையென்றால் இஞ்சினைக் குளிரவைக்கும் நீரோட்டத்திலோ ஹீட்டரின் காற்றுக் கதவிலோ எங்கோ ஒரு பிசகு இருக்கிறது என்று பொருள்.

கண்டியிலிருந்து திரும்பிய வாரத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “கேஸ் எறங்கியிருக்கு சேர், கேஸ் அடிச்சா சரியாயிரும்” என்றார்கள். நானும் தலையாட்டினேன். கேஸ் அடித்த பிறகு ஏசி அருமையாகக் குளிர்ந்தது. ஹீட்டரில் எந்த மாற்றமும் இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் ஜனவரி மாதத்தில் காசு கொடுத்துக் கூடுதல் குளிர் வாங்கியவன் நானாகத்தான் இருப்பேன். ஏசியின் கேஸுக்கும் இத்தகைய கார்களின் ஹீட்டருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை அன்று நான் அறிந்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். இரண்டுக்கும் விசிறியும் காற்றுப் பாதையும் பொதுவாக இருப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். சிறு வயதிலிருந்தே அவரை ‘லொறி மாமா’ என்றுதான் அழைத்துப் பழக்கம். அம்மா அவரிடம் தன் கால் விறைத்த கதையைச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை அவரே வீட்டுக்கு வந்து போனட்டைத் திறக்கச் சொன்னார்.

“கேஸ் அடிச்சவன விடுங்க தம்பி. குழாயத் தொட்டுப் பாத்தீங்களா?”

“எந்தக் குழாய் மாமா?”

இஞ்சினுக்கும் சாரதி இருக்கும் பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில், பெருவிரல் தடிப்பில் இரண்டு இறப்பர்க் குழாய்கள் உள்ளே நுழைவதைக் காட்டினார். பிறகு அவர் தந்த விளக்கம், பாடசாலையில் வெப்பம் பற்றிப் பாடம் நடத்தும் எனக்கே புதிதாக இருந்தது. காரில் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் கிடையாது. பெற்றோல் எரிந்து தரும் வெப்பத்தில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மீதி புகையோடும், இஞ்சினைச் சுற்றி ஓடும் நீரோடும் போகிறது. அந்தச் சுடுநீரில் ஒரு பகுதி இவ்விரு குழாய்களில் ஒன்றின் வழியாக உள்ளே போய், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன ரேடியேட்டரைச் சுற்றிவிட்டு மற்றக் குழாய் வழியாகத் திரும்புகிறது. விசிறி அந்தச் சின்ன ரேடியேட்டரினூடாகக் காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான்.

“வாட்டுற எடத்துல பேன் ஓடுது, அடுப்பு பத்தலன்னா கொழுந்து வாடுமா தம்பி? காத்துதான் வரும்.” தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து பரப்பிய நீளத் தொட்டிகளின் அடியில் பெரிய விசிறி காற்றை ஊதுவதையும், ஈரமான நாட்களில் அந்தக் காற்றோடு அடுப்பின் சூட்டைக் கலப்பதையும் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

காரை அரை மணி நேரம் ஓடவிட்டு இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. விசிறியின் இறகும் பட்டியும் இருக்கும் பக்கம் கையும் சட்டைக் கையும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு குழாய்களும் சுட்டால் நீரோட்டத்தில் குறையில்லை, காற்றைத் திருப்பிவிடும் உட்புறக் கதவிலோ அதன் கம்பியிலோதான் கோளாறு. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் நீர் உள்ளே போகாமல் தடைப்படுகிறது: சின்ன ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், காற்றுக் குமிழி நின்றிருக்கலாம், குழாயில் ஹீட்டர் வால்வு வைத்த கார் என்றால் அது திறக்காமல் இறுகியிருக்கலாம். இரண்டுமே சுடாவிட்டால் ஒன்றில் நீர் குறைந்திருக்கிறது, அல்லது நீர்ப்பம்பு ஓடியும் தள்ளவில்லை, அல்லது இஞ்சினே சூடாகவில்லை.

என் காரில் இரண்டும் வெதுவெதுப்பு. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் பதம்கூட இல்லை. மாமா டாஷ்போர்டில் இஞ்சினின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். அது குளிர்க் குறியிலிருந்து ஒரு விரற்கடை மேலே ஏறி, அங்கேயே நின்றது. “மேட்டுல ஏறும்போது கொஞ்சம் சூடு வருமே? எறக்கத்துல போயிரும். சரியா?” என்று கேட்டார். அது சரியாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நான்தான் அதை ஒரு தகவலாக எண்ணாமல் விட்டிருந்தேன். நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,868 மீற்றர். அங்கிருந்து கம்பளை வரை ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கவேண்டும். கியரில் வைத்து இறங்கும்போது எரிபொருளைப் பீய்ச்சும் இஞ்சின்கள் பெற்றோலை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடுகின்றன. எரிவதற்கு ஒன்றுமில்லாதபோது வெப்பமும் பிறக்காது. நல்ல நிலையிலுள்ள கார், ஏற்கெனவே உள்ள சூட்டைப் பூட்டிவைத்துச் சமாளிக்கும். அந்தப் பூட்டுக்குப் பெயர்தான் தெர்மோஸ்டாட்.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் குழாய் இஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள உறையைக் கழற்றினோம். இரண்டே போல்ட்டுகள். உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய வட்டக் குழி வெறுமையாக இருந்தது. இறுகிப்போன தெர்மோஸ்டாட்டையோ உடைந்த ஒன்றையோ எதிர்பார்த்திருந்த எனக்கு, துரு படிந்த அந்த வெறும் குழியைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது.

எப்போதோ அந்தக் கார் சூடேறியிருக்கிறது. யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். ‘நம்ம நாட்டு வெயிலுக்கு இது தேவையில்லை’ என்பது பல கராஜுகளில் வேதவாக்கு. அதில் பாதி நியாயம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் இறுகிவிட்டால் நீர், அதை ஆறவைக்கும் முன்பக்கத்துப் பெரிய ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சின் கொதித்துவிடும். நடுவழியில் நிற்பவருக்கு அதைக் கழற்றிவிட்டு வீடுவந்து சேர்வது அந்த நேரத்து வைத்தியம். அதையே நிரந்தர வைத்தியமாக்குவதில்தான் பிழை இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சினில் நீர் எந்நேரமும் பெரிய ரேடியேட்டருக்குள் ஓடி ஆறிக்கொண்டேயிருக்கும். நீர்கொழும்பில் முப்பது பாகைக் காற்றில் அது ஓரளவு சூடாகிவிடும். எங்கள் ஊரின் ஐந்து பாகைக் காற்றில் ஒருநாளும் ஆகாது. ஆகாதபோது, இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி ‘இன்னும் குளிராகத்தான் இருக்கிறது’ என்று கருதித் தேவைக்கு மேல் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டேயிருக்கும். எரியாத பெற்றோல் ஒயிலில் கலக்கும், தேய்மானமும் கூடும். இன்னொன்றும் உண்டு. தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு ஒரு பக்கவழியை மூடும்படி அமைந்த இஞ்சின்களில் அதைக் கழற்றிவிட்டால், நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே பக்கவழியில் சுற்றத் தொடங்கி, கடும் ஏற்றத்தில் முன்னைவிட விரைவாகச் சூடேறக்கூடும். சூட்டுக்குப் பயந்து கழற்றியவருக்குச் சூடே திரும்பி வரும்.

உதிரிப்பாகக் கடையில் “எண்பத்திரண்டா, எண்பத்தெட்டா?” என்று கேட்டார்கள். தெர்மோஸ்டாட் எத்தனை பாகை செல்சியஸில் திறக்கத் தொடங்கும் என்ற எண் அது, விளிம்பிலேயே பொறித்திருக்கும். குளிருக்கு எண்பத்தெட்டு நல்லதென்று கடைக்காரர் சொன்னாலும், என் காருக்குத் தயாரிப்பாளர் குறித்தது எண்பத்திரண்டு என்பதால் அதையே வாங்கினேன். உறைக்குரிய இறப்பர் வளையத்தையும் கேட்டு வாங்கவேண்டும். பழைய வளையத்தைத் திரும்பப் போட்டால் அது கசிந்து, வேலையை இரண்டாம் முறை செய்யவைக்கும்.

பூட்டுவதற்கு முன் அதைச் சோதித்தாக வேண்டும் என்றார் மாமா. புதியதாக வாங்கியவற்றிலும் திறக்காதவை உண்டாம். பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானியொன்றை இரவல் வாங்கி வந்து, ஒதுக்கிப்போட்டிருந்த பழைய பால் சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டேன். எழுபது பாகையில் அசைவில்லை. எண்பதில் அசைவில்லை. எண்பத்திரண்டைத் தாண்டியதும், நடுவிலுள்ள பித்தளை முட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் முதலில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. பிறகு கண்ணுக்கு எதிரே வாய் மெல்லத் திறந்தது. உள்ளே அடைத்திருக்கும் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளுவதால் நிகழ்வது இது. மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. எங்கள் வீட்டின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. சட்டி தளதளவென்று கொதித்தபோது வாய் எட்டு மில்லிமீற்றர் அளவுக்குத் திறந்திருந்தது. அடுப்பை அணைத்தேன், நீர் ஆற ஆற அது ‘டிக்’ என்ற சிறு ஓசையோடு மூடிக்கொண்டது. அம்மா எட்டிப் பார்த்து, “என்னாத்தப்பா வேக வைக்கிற?” என்று கேட்டுவிட்டு, அந்தச் சட்டியை இனி அடுப்படிக்குள் கொண்டுவரக் கூடாது என்றும் உத்தரவிட்டார்.

தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஒரு சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் இருக்கும். நீர் நிரப்பும்போது அடைபட்ட காற்று வெளியேறும் வழி அது. அது மேற்பக்கம் இருக்குமாறு பூட்டவேண்டும். காற்று மேலேதான் போகும் என்பதை மறந்து தலைகீழாகப் பூட்டுகிறவர்களும் உண்டு.

பூட்டி, நீர் நிரப்பி ஓடவிட்டதும் பத்தே நிமிடத்தில் முள் நடுப்பகுதிக்கு ஏறி அசையாமல் நின்றது. வாங்கிய நாள் முதல் நான் காணாத காட்சி. ஹீட்டரைத் திறந்தேன். இளஞ்சூடு. சிகரெட் புகைத்தவர் முகத்தில் ஊதியதுபோன்ற சூடு, அதற்கு மேல் இல்லை. குழாய்களைத் தொட்டால் ஒன்று கையைச் சுட்டது, மற்றது கைச்சூட்டுக்கும் குறைவாக இருந்தது. முதல் கோளாறு இரண்டாவதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்குக் காரணம் உறையைத் திறந்தபோதே எங்கள் கையில் ஒட்டியிருந்தது. வெளியே வந்த நீர் பிளேன்டி நிறத்தில் இருந்தது. கூலன்ட் ஊற்றவேண்டிய இடத்தில் ஆண்டுக்கணக்காகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார்கள். கூலன்ட் என்றால் உறையாமல் இருப்பதற்கு மட்டும்தானே, நம் நாட்டில் எதற்கு என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது, நீர்ப்பம்பின் அடைப்பு வளையத்தையும் காக்கிறது. வெறுந்தண்ணீரில் இஞ்சினின் இரும்புப் பகுதிகள் துருப்பிடித்து, அந்தத் துரு ஓட்டம் குறைந்த, வழி ஒடுங்கிய இடத்தில் போய்ப் படியும். காரில் அப்படிப்பட்ட இடம் ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர்தான். அதிலும் கரையோரத்தில் ஹீட்டரைத் திறக்காமலே வைத்திருந்த காரில், கேட்பானேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இஞ்சின் முழுதாக ஆறியிருந்த காலையில், இரண்டு குழாய்களையும் கழற்றினோம். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. இருபத்தைந்து ஆண்டு இறப்பர், உலோக முனையோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் முனை வளையும் அல்லது உள்ளே ஒட்டு விடும். பிறகு டாஷ்போர்ட் முழுவதையும் கழற்றவேண்டிய வேலை. மாமா பற்றுவளையத்தைத் தளர்த்தி, குழாயை முன்னும் பின்னும் மெல்லத் திருகிப் பார்த்தார். ஒன்று வந்தது. மற்றது வரவில்லை, அதைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தார். “குழா போனா கடையில வாங்கலாம் தம்பி, மூக்கு போனா யாருகிட்ட வாங்குறது?”

வீட்டுக்கு மேலே பீலியிலிருந்து தோட்டக் குழாய் ஒன்றை இழுத்து வந்து, வழக்கமாக நீர் வெளியேறும் முனையில் பொருத்தினோம். அதாவது ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நீரைச் செலுத்தினோம். படிந்தது வந்த வழியே திரும்பட்டும் என்பதுதான் கணக்கு. வாகனம் கழுவும் இடத்து அழுத்த இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, மெல்லிய தகடு வெடித்துவிடும். பீலியிலிருந்து தானாக இறங்கிவரும் நீரின் அழுத்தம் போதும். முதலில் மறுமுனையில் பென்சில் தடிப்புக்கு மட்டும் நீர் வந்தது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஓர் இருமல்போலத் தடைப்பட்டு, செம்மண் குழம்பாகக் கொட்டியது. அதில் கடுகளவு துருச் செதில்களும், எவரோ எப்போதோ கசிவை அடைக்க ஊற்றிய தூளின் வெள்ளிநிறப் பொட்டுகளும் இருந்தன. அந்தக் கசிவடைப்புத் தூள், கசிவைத் தேடிப் போவதைவிட ஹீட்டரைத் தேடிப் போவதே அதிகம் என்பது என் அபிப்பிராயம். திசையை மாற்றி மாற்றி இருபது நிமிடம் விட்ட பிறகு, பெருவிரல் தடிப்பில் தெளிந்த நீர் வந்தது. அமிலம் ஊற்றிக் கழுவலாம் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னார். பழைய உலோகத்தில் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கவும் கூடும் என்று மாமா மறுத்துவிட்டார்.

பெரிய ரேடியேட்டரையும் கழுவி, புதுக் குழாய்கள் பூட்டி, கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். கலந்து விற்பதை வாங்கினால் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நிலத்தில் சிந்தினால் நாய்கள் நக்கிவிடும். லயத்துப் பக்கம் பிள்ளைகளும் திரிகிறார்கள். தகரத் தட்டொன்றை அடியில் வைத்தே வேலை செய்தோம்.

அடுத்து நடந்த தவறு முழுக்க என்னுடையது. எங்கள் வாசல் சரிவானது. வழக்கப்படி காரின் முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நின்றது. அப்படியே நிரப்பி மூடிவிட்டேன். இஞ்சினை இயக்கியதும் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடைநீர் கற்களுக்கிடையில் ஓடுவதுபோல் சலசலவென்று ஓசை கேட்டது. ஹீட்டர் ஒரு நிமிடம் சுடும், மறு நிமிடம் குளிரும். சின்ன ரேடியேட்டர் மேடாகவும் நிரப்பும் வாய் பள்ளமாகவும் இருந்ததால், காற்று ஹீட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மெக்கானிக்குகள் ‘எயார் லொக்’ என்று சொல்வது இதைத்தான். நான் மூடியைத் திறக்கக் கையை நீட்டியபோது மாமா மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சூடான இஞ்சினில் அந்த மூடி நீரை அழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கிறது. என் காரின் மூடியில் 0.9 என்று பொறித்திருப்பது அந்த அழுத்தத்தின் அளவு. மூடி இல்லாவிட்டால் எங்கள் உயரத்தில் 94 பாகையில் கொதிக்கக்கூடிய வெறும் நீர், அழுத்தத்தில் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணத்தில் அது முழுதாகக் கொதித்து முகத்தில் பாயும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும்.

ஆறிய பிறகு காரைத் திருப்பி, முன்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்தினோம். கைப்பிரேக்கோடு பின் சக்கரங்களுக்குக் கல்லும் வைத்தோம். மூடியைக் கழற்றிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இஞ்சினைக் குளிர்ந்த நிலையிலிருந்து இயக்கி, மெதுவாக ஓடவிட்டோம். குமிழிகள் ஒன்றிரண்டாகவும் பிறகு கொத்தாகவும் வந்தன. மட்டம் இறங்க இறங்க ஊற்றினோம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மேல் குழாயை இடையிடையே அமுக்கிவிட்டார் மாமா. கால் மணி நேரத்துக்குப் பின் தெர்மோஸ்டாட் திறந்தது; மட்டம் திடீரென்று ஒரு கோப்பை அளவு கீழே போனதிலிருந்து அது தெரிந்தது. குமிழிகள் நின்றதும் நிரப்பி மூடினோம். கொழும்பில் இதைச் செய்பவர்கள் காரை ஜாக் வைத்துத் தூக்கவேண்டும். எங்களுக்கு மலையே ஜாக். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டேயிருந்தால் அது வேறு நோய்: சிலிண்டர் தலையின் கஸ்கெட் போய், சிலிண்டரில் எரிந்த வாயு நீருக்குள் கலக்கிறது என்று அஞ்சவேண்டும். அந்தக் காரைக் கழுவி நிரப்பிப் பயனில்லை.

அன்று மாலை ஹீட்டரைத் திறந்தபோது முதலில் பழைய தூசி கருகும் மணம் வந்தது. பிறகு சூடு வந்தது. துவாரத்தின் முன்னால் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தேன், ஐம்பத்தைந்து பாகையைத் தொட்டது.

கண்ணாடி மூடிக்கொள்ளும் பிரச்சினைக்கு ஹீட்டர் மட்டும் முழு மருந்து இல்லை என்பதை அடுத்த பயணங்களில் கற்றேன். காற்றை உள்ளேயே சுற்றவிடும் பொத்தானை அழுத்தி வைத்திருந்தால், நம் மூச்சின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் மீண்டும் மீண்டும் கண்ணாடியிலேயே படியும். அதை எடுத்துவிட்டு வெளிக்காற்றை வரவிட வேண்டும். அதோடு, ஹீட்டரைத் திறந்த நிலையிலேயே ஏசியையும் போட வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஏசி காற்றைக் குளிர்வித்து அதிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க, ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. லபுக்கலை மூடுபனியில் ஒன்றிரண்டு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்துவிடும். ஆக, அந்தக் கராஜில் அடித்த கேஸ் முழு நட்டமும் இல்லை.

பெற்றோலிலும் வித்தியாசம் தெரிந்தது. அது எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்துக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு லீற்றரையும் கணக்கெழுதி வைத்திருந்தேன். வீட்டுக்கும் பாடசாலைக்குமான குறுகிய ஓட்டத்தில் லீற்றருக்கு எட்டு கிலோமீற்றர் கிடைத்து வந்தது, தெர்மோஸ்டாட் போட்ட பிறகு ஒன்பதரையைத் தாண்டியது. கார் பழசு, அப்படித்தான் குடிக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

பிறகு என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் காரிலும் இதே முறைப்பாடு வந்தது. நானே வைத்தியராகிவிட்ட தோரணையில் குழாய்களைத் தொட்டேன். இரண்டும் நன்றாகச் சுட்டன. சூட்டுத் திருகியைத் திருப்பும்போது எந்தத் தடையும் இல்லாமல் அது வழுக்கிச் சுற்றியது. டாஷ்போர்டின் அடியில் தலையை நுழைத்துப் பார்த்தால், காற்றுக் கதவை இழுக்கும் கம்பி அதன் பிளாஸ்டிக் கவ்வியிலிருந்து கழன்று தொங்கியது. மாட்டிவிட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் ஏற்கெனவே தெர்மோஸ்டாட் வாங்கி வைத்திருந்தார். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டது அவர் அதிர்ஷ்டம்.

இப்போது ஒவ்வொரு டிசம்பரிலும், பாடசாலை விடுமுறை தொடங்கியதும், இஞ்சின் ஆறிய நிலையில் கூலன்டின் மட்டத்தையும் நிறத்தையும் பார்க்கிறேன். முன் இருக்கைகளின் காலடி விரிப்பைத் தூக்கி ஈரமிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். விரிப்பு நனைந்திருந்தாலோ, காருக்குள் இனிப்பான வாடை வந்தாலோ, கண்ணாடியில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்தாலோ சின்ன ரேடியேட்டர் கசியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கழுவி வைத்த பழைய தகடு என்பதால் அது என்றைக்காவது வரும் என்று எதிர்பார்த்துத்தான் இருக்கிறேன். சென்ற முறை விரிப்பு உலர்ந்திருந்தது. புதுக் குழாயின் பற்றுவளையத்தடியில் மட்டும் பச்சை உப்புப் பூத்திருந்தது. திருப்புளியால் அரைச் சுற்று இறுக்கிவிட்டு, அம்மாவின் அடுத்த கிளினிக் திகதியைப் பார்க்க உள்ளே போனேன்.